மூன்று மாதச் சவர்க்காரம்

காசை எப்படிக் கையாள வேண்டும் என்று மாணவர்களுக்குச் சொல்லித்தர வங்கியிலிருந்து ஒரு அக்கா எங்கள் தொழில்நுட்பக் கல்லூரிக்கு வந்த அன்று, வகுப்பில் பாதிப் பேர் வெளியே வேம்பின் நிழலுக்குப் போய்விட்டார்கள். நான் முன்வரிசையில் இருந்தேன். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை முழுதாக முடித்தவன் நான்தான். ஒரு வகுப்பைத் தவறவிடுவதென்றால் கூலியைக் கொடுத்துவிட்டு வேலை வாங்காமல் ஆளை அனுப்புவது மாதிரி எனக்கு மனம் கேட்காது.

அந்த அக்கா கரும்பலகையின் நடுவில் ஒரு கோடு கிழித்தார். ஒரு பக்கம் தேவை, மறுபக்கம் ஆசை. வாடகை, சாப்பாடு, பஸ் காசு எல்லாம் தேவை. புதுப் போன், வெள்ளிக்கிழமை கொத்துரொட்டி எல்லாம் ஆசை. காசு கையில் வந்த அன்றே சேமிப்பை எடுத்து வைத்துவிட்டு மிச்சத்தில் மாதத்தை ஓட்ட வேண்டும், மாதம் முடிந்தபின் மிஞ்சினால் சேமிப்போம் என்று நினைத்தால் ஒருநாளும் மிஞ்சாது என்றார். கடைசியாக, "அவசரகாலச் சேமிப்பு எண்டு ஒண்டு இருக்கு. மூண்டு மாதம் உங்கட சீவியம் நடக்கிறதுக்கு என்ன வேணுமோ, அதைத் தனியா ஒதுக்கி வைச்சிருக்கோணும். தொடக்கூடாது" என்றார்.

பின்னால் இருந்த ஒருவன், "மிஸ், மூண்டு நாளைக்கே வழியில்லை" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்துவிட்டு, "அப்ப மூண்டு நாளிலயிருந்து துவங்குங்கோ" என்றார்.

நான் சிரிக்கவில்லை. எனக்கு உடம்பெல்லாம் பரபரத்தது. மூன்று மாதச் சீவியத்துக்கு வேண்டியதை ஒதுக்கி வைப்பது. இது எனக்குத் தெரிந்த விஷயம். என் அம்மா இதைத்தானே இவ்வளவு காலமும் செய்துகொண்டிருக்கிறார். பள்ளிக்கூடப் படியே மிதிக்காத என் அம்மா செய்வதை வங்கிக்காரர்கள் படமெல்லாம் கீறி வகுப்பாக எடுக்கிறார்கள். அந்தச் சந்தோஷத்தில் அன்று மன்னாரில் நான் வாடகைக்கு இருந்த உப்புக்குளத்து அறைக்குப் பாதித் தூரம் ஓடியே வந்தேன்.

நறுவிலிக்குளத்துக்கு நாங்கள் திரும்பி வந்து அப்போது மூன்றாம் போகம். அப்பா வயலில் நின்றார். வீட்டுத்திட்டத்தில் கிடைத்த வீடு பாதி கட்டியபடி இருந்தது. ஒரேயொரு அறைக்குத்தான் கதவு போட்டிருந்தோம். அந்த அறையில் நாங்கள் படுக்கவில்லை, சாமான்கள் இருந்தன. முகாமில் தண்ணீர் பிடிக்கத் தந்த பெரிய நீலப் பிளாஸ்ரிக் பரல்கள் இரண்டை அம்மா ஊருக்குக் கொண்டுவந்திருந்தார். அவற்றில் அரிசி, சீனி, நெருப்புப்பெட்டி, மெழுகுதிரி, சவர்க்காரம் எல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து, மூடியை இறுக்கி, மேலே ஒரு கல்லையும் வைத்திருந்தார். ஏன் என்று யாரும் கேட்டதில்லை. போரின் கடைசி மாதங்களில் அம்மா மடியில் காசு கட்டியிருந்தார். ஒரு பால்மாப் பைக்கற்றுக்கு அந்தக் காசை வாங்க ஆள் இருக்கவில்லை. அதற்குப் பிறகு அவருக்குக் காசு என்றால் கடதாசிதான்.

அந்த வார முடிவில் வீட்டுக்குப் போய் வகுப்பில் கேட்டதையெல்லாம் அம்மாவுக்கு ஒப்புவித்தேன். தேவை, ஆசை, மூன்று மாதம். அம்மா அடுப்பை ஊதியபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

"மூண்டு மாதம் எண்டா எத்தினை சவர்க்காரம் வரும்?" என்றார்.

நானும் உடனே கணக்குப் பார்க்கத் தொடங்கிவிட்டேன். குளிக்க, உடுப்புத் தோய்க்க என்று பிரித்து, ஆளுக்கு இவ்வளவு என்று பெருக்கினேன். காசாக எவ்வளவு என்று எனக்கும் தோன்றவில்லை, அவருக்கும் தோன்றவில்லை. 'சீவியம் நடக்கிறதுக்கு என்ன வேணுமோ' என்றுதான் அந்த அக்கா சொன்னார். எங்களுக்குச் சீவியம் நடக்க வேண்டியது சவர்க்காரமும் சீனியும். காசு அதற்குள் வரவேயில்லை. எங்களைப்போல் ஓடித் திரிந்தவர்களைத் தவிர வேறு யாருக்கும் அந்த வகுப்பு அப்படி விளங்கியிருக்காது.

அன்றிலிருந்து மாதாமாதம் கல்லூரியில் தரும் கொடுப்பனவை வாங்கிய கையோடு நான்கு கடித உறைகளில் பிரித்தேன். வாடகை, சமையல், பஸ்ஸும் போட்டோகொப்பியும், நாலாவது சேமிப்பு. சேமிப்பு உறையைத் திறந்து அன்றைக்கே கடைத்தெருவில் சாமான் வாங்குவேன். மாதக் கடைசியில் பருப்பு மட்டும் அவித்துச் சாப்பிட்ட நாட்களிலும் அந்தச் சாமானில் கை வைத்ததில்லை. கொஞ்சம் என் கட்டிலுக்குக் கீழே, மிச்சம் வீட்டுக்கு.

என் அறை நண்பன் முசலிக் கரையைச் சேர்ந்தவன். அவனுடைய வாப்பாவும் உம்மாவும் அவன் பிறப்பதற்கு முன்பே இடம்பெயர்ந்து புத்தளம் போய், அங்கே வியாபாரம் செய்து பிழைத்தவர்கள். அவன் அங்கேயே வளர்ந்து, இப்போதுதான் குடும்பத்தோடு சொந்த ஊருக்கு வந்திருந்தான். நான் உறைகளில் காசு பிரிப்பதைப் பார்த்துவிட்டு எனக்கு நிதி மந்திரி என்று பெயர் வைத்தான்.

"மந்திரி, ஒங்கட கட்டிலுக்குக் கீழ எலி ஒண்டு குடும்பத்தோட பட்ஜட் போடுது" என்பான்.

"சீனி ரின்னுக்குள்ள கிடக்கு. எலிக்கு எட்டாது."

"சவுக்காரத்த என்னடா செய்யப் போற? கலியாண வீட்டுக்குப் பந்தியில வைக்கவா?"

"சவர்க்காரம் பழசாகப் பழசாக இறுகும். கெதியாக் கரையாது. அம்மா சொன்னவ."

"காசு எண்டா சுத்தணும் மச்சான். நீ அதப் புடிச்சுக் கட்டிலுக்குக் கீழ படுக்க வெச்சிருக்க."

சொல்பவன் தன் கொடுப்பனவை வந்த இரண்டாம் நாளே சுற்றவிட்டு முடித்துவிடுவான். அதனால் நான் அவன் பேச்சைப் பெரிதாக எடுக்கவில்லை.

ஒரு வருடம் போல ஆனது. பரல்கள் இரண்டும் நிரம்பி, அம்மா மூன்றாவது பரல் தேடிக்கொண்டிருந்த நேரத்தில் அந்த வியாழக்கிழமை வந்தது.

கட்டட வரைபடம் படித்த எங்கள் பிரிவிலிருந்து இரண்டு பேரைப் பயிற்சிக்கு எடுப்பதாக மதகுகள் கட்டும் ஒப்பந்தக்காரர் ஒருவர் கேட்டிருந்தார். வேலை தலைமன்னார்ப் பக்கம். காலை முதல் பஸ்ஸுக்கு முன்பே வேலை தொடங்கிவிடும், ஆகவே அங்கே வேலையாட்கள் முகாமில் தங்க வேண்டும். பயிற்சி முடிய நன்றாகச் செய்தவருக்கு நிரந்தர வேலை. அந்த இரண்டு பேரில் ஒருவன் நான் என்று கல்லூரிக் கந்தோரில் கூப்பிட்டுச் சொன்னபோது எனக்குக் காது அடைத்துவிட்டது. வரைபடத்தில் இருப்பதை மண்ணில் பார்க்கப் போகிறேன். நான் கீறிய கோட்டின் மேல் லொறி ஓடப் போகிறது.

அதற்கடுத்துச் சொன்னவை மெதுவாகத்தான் உள்ளே இறங்கின. திங்கட்கிழமை காலையில் போய் நிற்க வேண்டும். தங்குவதற்கும் சாப்பாட்டுக்கும் ஐயாயிரம் முற்பணம். இரும்புத் தலை வைத்த சப்பாத்து சொந்தமாக வேண்டும். வைத்தியச் சான்றிதழ் வேண்டும். எல்லாமாக எட்டாயிரத்துக்கு மேல் வந்தது. கட்ட முடியாவிட்டால் பட்டியலில் அடுத்தவர்.

என் கையில் நானூறு ரூபாய்ச் சொச்சம் இருந்தது.

அப்பாவின் நெல் அப்போது பச்சை. எங்கள் ஊரில் உரக்கடைக்கும் பலசரக்குக் கடைக்கும் எல்லாரும் நெல்வெட்டு முடியக் கொடுக்கிறோம் என்று சொல்லி வைத்திருந்த காலம். யாரிடம் கேட்பது? நண்பனின் வீட்டில் கூரைத் தகரத்துக்குக் கொடுத்தது போக ஒன்றும் இல்லை. அறைக்கு வந்து கட்டிலில் இருந்தேன். எனக்குக் கீழே பெட்டி பெட்டியாகச் சவர்க்காரம் இருந்தது.

நண்பன் கேட்டான், "மந்திரி, அவசரகாலச் சேமிப்பு எண்டு ஒண்டு வெச்சிருந்தீங்களே, அது எங்க?"

"உதுதான்" என்று கட்டிலுக்குக் கீழே காட்டினேன்.

அவன் குனிந்து பார்த்தான். நிமிர்ந்து என்னைப் பார்த்தான். பிறகு இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அடக்க முடியாமல் சிரித்தோம். சிரித்து முடிய அவன் முகம் மாறியது. வியாபாரிகளின் பிள்ளை அல்லவா.

"எவ்வளவு இரிக்கு? வீட்டுலயும் இரிக்கா?"

"ரெண்டு பரல்."

"கடையில திருப்பிக் குடுத்தாப் பாதி வெல கூடத் தரமாட்டான். கீரிக் கடற்கரைக்குக் கொண்டு போவம். அங்க மீன் வாடியில பத்துப் பதினஞ்சு பேர் தங்கித் தொழில் செய்யிறானுகள். அவனுகளுக்கு இதெல்லாம் வேணும். நீ போய் அம்மாக்கிட்டக் கேளு. இப்பவே போ."

மன்னார்த் தீவைத் தரையோடு இணைக்கும் தாம்போதியை பஸ் தாண்டும்போது சூரியன் கடலுக்கு மேலே நின்றது. எனக்குக் கணக்கு ஓடிக்கொண்டிருந்தது. காசுக் கணக்கில்லை, நாள் கணக்கு. விடிந்தால் வெள்ளி. வெள்ளிக்கிழமையில் எங்கள் வீட்டிலிருந்து எந்தச் சாமானும் படலை தாண்டாது, லட்சுமி போய்விடுவாள் என்று அம்மா விடமாட்டார். வியாழன் என்றாலும் விளக்கு வைத்த பிறகு கொடுக்கமாட்டார். ஆகவே இருட்டுப்படுவதற்குள் வீட்டுக்குப் போய், அம்மாவைச் சம்மதிக்க வைத்து, சாமானையும் வெளியே எடுக்க வேண்டும். பஸ் ஒவ்வொரு சந்தியிலும் நின்று நின்று போனது.

நான் படலையைத் திறக்க அம்மா விளக்குத் திரி திரித்துக்கொண்டிருந்தார். நின்ற நிலையில் எல்லாவற்றையும் சொன்னேன். பரலைத் திறக்க வேண்டும் என்றதும் அம்மாவின் கை நின்றது.

"இது தேவையோ, ஆசையோ?" என்றார்.

நான் படிப்பித்ததை எனக்கே திருப்பிக் கேட்டார். அதில் பகிடி இல்லை, உண்மையாகவே கேட்டார்.

"தேவை அம்மா. இதை விட்டா இன்னொண்டு எப்ப வரும் எண்டு தெரியாது."

"நாளைக்கு ஒண்டு நடந்தா? றோட்டை மறிச்சா? கடையெல்லாம் பூட்டினா?"

"நடந்தா நான் சம்பளத்தில வாங்கித் தருவன்."

"கடை பூட்டிக் கிடக்கேக்க என்னத்தை வாங்குவாய்?"

வெளியே வெளிச்சம் மங்கிக்கொண்டிருந்தது. அப்பா வயலிலிருந்து வந்து, மண்வெட்டியைச் சுவரில் சாத்தி வைத்தார். அம்மா அவரைப் பார்த்தார், அறைக் கதவைப் பார்த்தார்.

"எங்க வேலை எண்டனீ?"

"தலைமன்னார்ப் பக்கம்."

"இவ்வளவு காலமும் ஓடுறதுக்கெண்டு கட்டி வைச்சனான்" என்று எழும்பினார். "நீ போறதுக்குக் கேக்கிறாய். சரி, எடு. கெதியா எடு. நான் விளக்கு வைக்கோணும்."

அதற்குப் பிறகு அந்த வீட்டில் நடந்தது ஒரு ஓட்டப்போட்டி. அப்பா கல்லைத் தூக்கிப் போட்டார். நான் மூடியைத் திருகினேன். சவர்க்காரக் கட்டிகள், சீனி, பால்மா, தேயிலை, நெருப்புப்பெட்டி எல்லாம் உரப்பைகளுக்குள் போயின. அம்மா ஒரு கையில் ஏற்றாத விளக்கோடு வாசலில் நின்று மேற்கைப் பார்ப்பதும் எங்களை அதட்டுவதுமாக இருந்தார்.

"அரிசியை வை. அரிசி போகக்கூடாது. மெழுகுதிரியில பாதி வை. என்னப்பா நீங்கள், ஆமை மாதிரி."

"ஆமைக்கு முதுகில இவ்வளவு பாரமோ?" என்றார் அப்பா. அன்று முழுக்க அவர் பேசியது அது ஒன்றுதான்.

கடைசிப் பையைப் படலைக்கு வெளியே, றோட்டோரம் நின்ற லாண்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்தின் பெட்டியில் எறிந்துவிட்டுத் திரும்பினேன். அம்மா நெருப்புக்குச்சியை உரசினார். லட்சுமி உள்ளே, சாமான் வெளியே. அப்பா ஒரு பாயை எடுத்துக்கொண்டு போய் அந்தப் பெட்டியிலேயே மூட்டைகளோடு படுத்தார்.

மறுநாள் காலையில் தாம்போதிக்கு இப்பால் சோதனைச் சாவடியில் பஸ்ஸை மறித்தார்கள். இளம் சிப்பாய் ஒருவன் என் பையைக் காலால் தட்டி, "மே மொனவத?" என்று, இதெல்லாம் என்னவென்று கேட்டான். எனக்குத் தெரிந்த சிங்களத்தில், "சபன். சீனி" என்றேன். அவன் பையைத் திறந்து பார்த்தான். சவர்க்காரத்துக்குக் கீழே சவர்க்காரம், அதற்குக் கீழேயும் சவர்க்காரம். ஒன்றை எடுத்து மணந்து பார்த்துவிட்டு, "ஆ, முதலாலி" என்று சிரித்து இறங்கினான். பஸ்ஸில் ஒரு பெண், "தம்பி, அந்தச் சீனி என்ன விலை?" என்று கேட்டார். அப்போதுதான் எனக்கு நம்பிக்கை வந்தது.

நண்பன் ஜும்ஆவுக்குப் போய்வரும் வரை மூட்டைகளோடு அறை வாசலில் காத்திருந்தேன். அவன் தொப்பியைக் கழற்றிச் சட்டைப்பையில் வைத்தபடி ஓடி வந்தான். இரண்டு சைக்கிள்களில் கட்டிக்கொண்டு கீரிக்குப் போனோம்.

கடற்கரையில் வாடிகளுக்கு முன்னால் வலை பொத்திக்கொண்டிருந்தவர்கள் கேலியாகப் பார்த்தார்கள். அவர்களுடைய சம்மாட்டி, மூன்று வள்ளங்களுக்குச் சொந்தக்காரர், ஒரு பிளாஸ்ரிக் கதிரையில் இருந்தார். நண்பன் பையை அவிழ்த்து ஒவ்வொன்றாகப் பரப்பினான். கடை விலையைச் சொல்லி, அதற்குக் கீழே எங்கள் விலையைச் சொல்லி, மன்னார்க் கடைக்குப் போய்வரும் பெற்றோல் மிச்சத்தையும் சேர்த்துச் சொன்னான். எனக்கு அதிசயமாக இருந்தது. இவன் ஏன் வரைபடம் படிக்கிறான்?

சம்மாட்டி எல்லாவற்றையும் பார்த்து முடித்து, "முழுக்க எடுக்கிறன்" என்றார்.

நான் நண்பனின் கையைப் பிடித்தேன்.

"ஆனாக் காசு இல்லைத் தம்பி. மீன் தாறன்."

பிடித்த கையை விட்டேன்.

"அண்ணை, எங்களுக்குத் திங்களுக்குள்ள காசு வேணும்" என்றேன்.

"இரவு வள்ளம் போகுது. விடிய வாங்கோ. வலையில பட்டதில ஒரு குவியல் உங்களுக்கு. இங்கேயே ஏலம் கூறி வித்துப்போட்டுக் காசோட போங்கோ."

"படாட்டி?"

"படாட்டி எனக்கும் இல்லை, உனக்கும் இல்லை. நாளைக்கு இரவு நாங்கள் இறங்கமாட்டம். ஞாயிறு பூசை, அண்டைக்கும் தொழில் இல்லை. பிறகு திங்கள் இரவுதான்."

திங்கள் இரவு எனக்கு எதற்கு? வெள்ளியில் அம்மா கொடுக்கமாட்டார், ஞாயிறில் இவர்கள் கடலுக்குப் போகமாட்டார்கள். நடுவில் ஒரேயொரு இரவு இருந்தது. நான் நண்பனைப் பார்த்தேன். அவன், "என்னப் பாக்காத. சாமான் ஒன்ட. நீதான் சொல்லணும்" என்றான்.

திரும்பக் கட்டிக்கொண்டு போனால் பாதி விலைதான், அது சப்பாத்துக்கே போதாது. "சரி அண்ணை" என்றேன். அம்மாவின் ஒரு வருடத்தை அந்த மனிதர்கள் பகிடி பேசிக்கொண்டு வாடிக்குள் தூக்கிப் போனார்கள். ஒருவன் உடனேயே ஒரு சவர்க்காரத்தை உடைத்துக்கொண்டு கிணற்றுப் பக்கம் போனான்.

விடியும்போது நாங்கள் கரையில் நின்றோம். முதல் வள்ளம் வந்தது. எங்கள் சம்மாட்டியுடையதல்ல. இரண்டாவது வள்ளத்தில் இருந்தவர்கள் எங்கள் பக்கம் பார்க்காமலே இறங்கினார்கள், வலைக்குள் கொஞ்சம் சின்ன மீன். மூன்றாவது வள்ளம் தூரத்தில் தெரிந்தபோது அது தாழ்ந்து வந்தது. நண்பன்தான் முதலில் கண்டான். "பாரமா வருது மச்சான். தண்ணிக்குள்ள தாழ்ந்து வருது. பாரு, பாரு."

பாரையும் அறக்குளாவும். மணலில் கொட்டக் கொட்ட வெள்ளியாகத் துள்ளின. சம்மாட்டி பேச்சுத் தவறவில்லை. ஒரு குவியலைக் காலால் ஒதுக்கி, "சவர்க்காரக்காரற்ற பங்கு" என்றார். கரை முழுக்கச் சிரித்தது.

கூறி விற்பவர் குவியலுக்குப் பக்கத்தில் வந்து நின்று விலையைப் பாடத் தொடங்கினார். வியாபாரிகள் வட்டமாக நின்றார்கள். நாலாயிரம், நாலாயிரத்தைந்நூறு, ஐயாயிரம். ஐயாயிரத்தில் நின்றுவிட்டது. அப்போது வட்டத்தின் அந்தப் பக்கத்திலிருந்து ஒரு குரல், "ஆறு" என்றது. பார்த்தால் என் நண்பன். வியாபாரி மாதிரி சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, என்னைத் தெரியாதவன் போல் மீனைப் பார்த்துக்கொண்டு நின்றான். அவனிடம் பஸ் காசுகூட இல்லை என்பது எனக்குத் தெரியும்.

ஐஸ்பெட்டி கட்டிய மோட்டார்சைக்கிளோடு நின்ற ஒருவர், "ஆறரை" என்றார். நண்பன், "ஏழு". அவர், "எட்டு". நண்பன் தாடையைத் தடவி, "எட்டரை" என்றான்.

அவர் தன் ஐஸ்பெட்டியின் மூடியைச் சாத்தினார்.

கூறுபவர், "எட்டரை ஒருதரம்" என்றார். நண்பன் முகத்தில் இரத்தமே இல்லை. "எட்டரை ரெண்டுதரம்." எங்கள் மீனை நாங்களே இல்லாத காசுக்கு வாங்கப் போகிறோம். நான் கண்ணை மூடினேன்.

"ஒம்பது" என்று மோட்டார்சைக்கிள்காரரின் குரல் கேட்டது. கண்ணைத் திறந்தபோது நண்பனைக் காணவில்லை. ஒரு வள்ளத்துக்குப் பின்னால் மணலில் குந்தியிருந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தான்.

"விசராடா உனக்கு?" என்றேன்.

"சுத்தினாத்தான்டா காசு" என்றான்.

கூறியவருக்கு அவருடைய பங்கைக் கொடுத்தோம். நண்பகலுக்குள் ஆஸ்பத்திரியில் சான்றிதழ் எடுத்து, கடைத்தெருவில் சப்பாத்தும் வாங்கினேன். நண்பனுக்குப் பிளேன்ரீயும் இரண்டு பணிசும் வாங்கிக் கொடுத்தேன். தன் வாழ்க்கையில் வாங்கிய மிகக் குறைந்த கமிசன் இதுதான் என்றான்.

திங்கள் காலையில் முகாம் கந்தோரில் முற்பணத்தை எண்ணிய எழுதுவினைஞர் மூக்கைச் சுருக்கினார். "என்ன தம்பி, காசு மீன் மணக்குது?"

"கீரிக் காசு சேர்."

அவர் ஜன்னலைத் திறந்துவிட்டு, பற்றுச்சீட்டை எழுதித் தந்தார். புதுச் சப்பாத்து காலைக் கடித்தது. நான் நடக்கவில்லை, துள்ளினேன். அன்று எனக்குத் தந்த முதல் வேலை அளவு நாடாவின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு நிற்பது. அதைப்போல ஒரு நல்ல வேலை உலகத்தில் இல்லை என்று நினைத்தேன்.

இதைப் படிக்கும் மாணவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். நாலு உறையும் சரி, முதலில் ஒதுக்கியதும் சரி, மூன்று மாதமும் சரி. நாங்கள் விட்ட பிழை ஒன்றுதான். எங்களுக்கு வரக்கூடிய அவசரம் முன்பு வந்தது போலவே திரும்ப வரும் என்று நினைத்தோம். அது சப்பாத்தும் சான்றிதழுமாக வந்து நின்றது. ஒதுக்கி வைப்பதில் ஒரு பங்கு எந்த உருவத்துக்கும் மாறக்கூடியதாக, கேட்ட அன்றே கைக்கு வரக்கூடியதாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் உங்களுக்கு ஏலத்தில் துணிந்து நிற்கும் நண்பன் ஒருவன் வேண்டும். அப்படி எல்லோருக்கும் கிடைக்காது.

முதல் மாதப் பயிற்சிப் பணத்தில் பாதியை அம்மாவிடம் கொடுத்து, வங்கியில் போடுவோம் என்று கேட்டேன். அவர் உடனே ஓம் என்று சொல்லவில்லை. இரண்டு வாரம் யோசித்தார். பிறகு ஒரு திங்கட்கிழமை, நல்ல சேலை உடுத்தி, அடையாள அட்டையைக் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டு மன்னாருக்கு வந்தார்.

கவுண்டரில் வகுப்பெடுத்த அதே அக்கா இருந்தார். கணக்குத் திறந்து, அம்மா மூவாயிரம் ரூபாயைத் தானே கையால் நீட்டிக் கொடுத்தார். புத்தகம் வந்தது. அம்மா அதை வாங்கிக்கொண்டு போய் வரிசைக் கதிரையில் இருந்தார்.

"போவமா அம்மா?"

"பொறு."

வருகிறவர்களையும் போகிறவர்களையும் பார்த்தார். பிறகு எழும்பித் திரும்பவும் கவுண்டருக்குப் போனார்.

"பிள்ளை, என்ர காசைத் தாங்கோ."

அந்த அக்கா குழம்பிப்போனார். "இப்பத்தானே அம்மா போட்டனீங்கள்? ஏதும் பிரச்சினையோ?"

"ஒண்டும் இல்லை. இப்ப வேணும்."

பின்னால் வரிசையில் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். அக்கா என்னைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார். பிறகு என்ன விளங்கியதோ, ஒன்றும் கேட்காமல் ஒரு படிவத்தை நிரப்பி அம்மாவிடம் கையெழுத்து வாங்கினார். அம்மாவுக்குத் தெரிந்த ஒரே எழுத்து அவருடைய பெயர். அதை ஆறுதலாக எழுதினார்.

"ஐந்நூறு கணக்கில நிக்கோணும் அம்மா. மிச்சத்தைத் தாறன்."

"ஐந்நூறு என்னத்துக்கு?"

"கணக்கு உயிரோட இருக்கிறதுக்கு."

"விதைநெல் மாதிரியோ?"

"ஓம் அம்மா, அப்பிடித்தான்."

அம்மா இரண்டாயிரத்தைந்நூறையும் வாங்கி எண்ணினார். வெளிச்சத்தில் ஒவ்வொரு தாளாகப் பிடித்துப் பார்த்தார். மூன்றாம் தரமும் எண்ணினார். பிறகு அந்தக் காசை அப்படியே திருப்பி நீட்டினார்.

"இந்தாங்கோ. இனி வைச்சிருங்கோ."

அக்கா சிரிக்காமல் வாங்கி, புத்தகத்தில் பதிந்து கொடுத்தார். "எப்ப வேணுமெண்டாலும் வாங்கோ அம்மா" என்றார்.

"வருவன்" என்றார் அம்மா. "சொல்லாமத்தான் வருவன்."

நறுவிலிக்குளம் பஸ்ஸில் பக்கத்து இருக்கைப் பெண், எங்கே போய்வருகிறீர்கள் என்று கேட்டார். வங்கிக்கு என்றார் அம்மா. அங்கே காசைப் போட்டால் நம்பலாமா என்று அந்தப் பெண் குரலைத் தாழ்த்தினார்.

"போட்டுப்போட்டு உடனேயே கேட்டுப் பாத்தனான்" என்று அம்மா பஸ்ஸுக்கே கேட்கும்படி சொன்னார். "தருகினம்."